கத்திப் பிடியின் பளபளப்பு

மளிகைக் கடையில் கத்திக்கு என்ன பெரிய வியாபாரம் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வருடத்துக்குச் சில டஜன்தான் போகும், உண்மைதான். ஆனால் விற்ற கத்தி திரும்பி வந்தால் அதனோடு நம் பெயரும் சேர்ந்தல்லவா வருகிறது!

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர், 'ஸ்டெபிலைஸ்டு உட்' பிடி போட்ட கத்தி என்று விலை கூட்டித் தந்தார். பிடி கண்ணாடி போல் மின்னியது. அந்த மினுக்கில் மயங்கியது எங்கள் தவறுதான். இரண்டே மாதத்தில் ரிவிட் ஓரமாகப் பூச்சு தோல் தோலாக உரிந்து, ஐந்து கத்திகள் திரும்பி வந்தன. மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டார். பணத்தை நாங்கள்தான் திருப்பிக் கொடுத்தோம்.

விசாரித்த பிறகே விஷயம் விளங்கியது. இந்த மரத்தை நன்றாக உலர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் திரவ ரெசினில் அமிழ்த்தி ஊறவைத்து, பிறகு சூட்டில் வைத்து இறுகச் செய்கிறார்கள். நுண்துளைகளில் ரெசின் நிறைந்துவிடுவதால் தண்ணீர் ஏறுவது மிகவும் குறையும். பிடி உப்புவதும் வெடிப்பதும் குறையும். ஆகவே இதற்கு வார்னிஷ் அவசியமே இல்லை. நைஸ் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, மெழுகு பாலிஷ் போட்டுத் துடைத்தால் மரமே மின்னும். மங்கினால் வீட்டிலேயே மறுபடி மெழுகு போடலாம். வார்னிஷ் உரிந்தால் முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும்.

சாதா மரப்பிடியின் கணக்கு வேறு. அது எண்ணெய் குடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறோமே, அது சரியல்ல. அது காய்ந்து இறுகாது, பிசுக்குத்தான் மிச்சம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில் இறுகும். மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, பல நாள் காயவிட வேண்டும்.

ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக் கூடும். சாக்கும் அட்டைப் பெட்டியும் தீப்பெட்டி பண்டலும் அடுக்கிய நம் கடைகளில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? துணியைத் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கத்தி கொள்முதல் செய்யும்போது பிடி என்ன மரம், மேலே என்ன பூச்சு என்று பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பவரும் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு. ஒருவர் தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கம் கேட்டால் எழுதுவார்கள். அடுத்த கூட்டத்தில் இதை வைக்க இருக்கிறோம். திரும்பி வந்த ஐந்து கத்திகளையும் கையோடு கொண்டு வருகிறோம்.