மெகாபிற் என்னும் மாயை

இணைய இணைப்பின் தரத்தை ஒரே ஓர் எண்ணால் அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுப் பாவனையாளரிடம் மட்டுமன்றி, நிறுவனங்களுக்குக் கொள்வனவு செய்வோரிடமும் மென்பொருள் எழுதும் இளம் பொறியியலாளரிடமும் ஆழ வேரூன்றியிருக்கிறது. வேகப் பரிசோதனைச் செயலி செக்கனுக்கு 100 மெகாபிற் என்று காட்டினால் இணைப்பு நன்று என்றும், அதன் பின்னரும் வங்கிப் பரிமாற்றம் இடைநடுவில் நின்றால் அல்லது இணையவழி விண்ணப்பம் திறக்க மறுத்தால் இன்னும் பெரிய பக்கேஜ் வாங்கவேண்டும் என்றும் முடிவு கட்டப்படுகிறது. இம்முடிவு தவறானது, அது மக்களின் பணத்தை வீணாக்குவதோடு, திருத்தப்படவேண்டிய குறைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் விடுகிறது.

செக்கனுக்கு இத்தனை மெகாபிற் என்பது பட்டை அகலத்தின் அளவு; அதாவது, குறித்த நேரத்தில் எவ்வளவு தரவு கடந்துசெல்லலாம் என்பதையே அது கூறும். சேவை பெறும் கணினி அனுப்பிய செய்தி சேவையகத்தை அடைந்து, அதற்குரிய விடை திரும்பிவந்து சேர எடுக்கும் காலம் முற்றிலும் வேறான அளவு. அதனைப் போய்வரும் நேரம் எனலாம். ஒளி, கண்ணாடி இழையினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. இலங்கைக்கும் இலண்டனுக்கும் இடையிலுள்ள நேர்தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர் ஆதலால், நேர்கோட்டில் கேபிள் கிடந்தாலும் செய்தி போய்வர 87 மில்லிசெக்கன் வேண்டும்; கடலடிக் கேபிள்கள் கண்டங்களைச் சுற்றி வளைந்தே செல்வதால் உண்மையில் அதனிலும் மிக அதிகமாகிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்தப் பக்கேஜும் இந்தக் காலத்தைக் குறைக்காது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இலண்டனிலுள்ள சேவையகம் ஒன்றுக்குப் போய்வரும் நேரம் 200 மில்லிசெக்கன் என்றும், பெறவேண்டிய பக்கம் 100 கிலோபைற் என்றும் கொள்வோம். முதலில் இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்றும், மறைகுறியாக்கத்துக்கான உடன்பாட்டுக்கு இன்னொரு சுற்றும் செல்கின்றன. அதன் பின்னரும் சேவையகம் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக அனுப்புவதில்லை. வழக்கமாகப் பத்துத் தரவுப் பொதிகளில் தொடங்கி, அவை கிடைத்தன என்ற ஒப்புகை வரவரவே அளவை இரட்டிப்பாக்குகிறது. இந்த எச்சரிக்கை வீணானதன்று. 1986 ஒக்ரோபரில் அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அதிலிருந்து 400 யார் தொலைவிலிருந்த பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவோட்டம் செக்கனுக்கு 32 கிலோபிற்றிலிருந்து வெறும் 40 பிற்றாகச் சரிந்தபோது, அந்நெரிசலை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்தளித்த முறை இது. 100 கிலோபைற் வந்துசேர இவ்வாறு மூன்று சுற்றுகள் ஆகின்றன. ஆக மொத்தம் ஐந்து சுற்றுகள். அதாவது ஒரு முழுச் செக்கன். இணைப்பை 20 மெகாபிற்றிலிருந்து 100 மெகாபிற்றுக்கு உயர்த்துவதால் மிஞ்சும் இலாபம், தரவை இழையில் ஏற்றும் நேரம் 40 மில்லிசெக்கனிலிருந்து 8 மில்லிசெக்கனாகக் குறைவது மாத்திரமே. ஐந்து மடங்கு பெரிய இணைப்பு, நூற்றுக்கு மூன்று பங்கு விரைவைத்தான் தருகிறது.

படம் இறக்குவோருக்கும் பெருங்கோப்புகளைச் சேமிப்போருக்கும் பட்டை அகலமே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் அன்றாடம் செய்யும் பெரும்பாலான காரியங்கள் சிறு செய்திகளின் கொடுக்கல் வாங்கலாகவே அமைகின்றன.

வேகப் பரிசோதனைச் செயலிகள் பொதுவாக அருகிலுள்ள சேவையகத்தைத் தெரிந்தெடுக்கின்றன. பல இணைப்புகளை ஒருங்கே திறந்து குழாயை நிரப்புகின்றன. போய்வரும் நேரத்தைக் குறிக்கப் பிங் என்று அவை காட்டும் எண்ணும், பாவனையாளர் வழக்கமாகப் பார்க்கும் வடிவில், இணைப்பு ஓய்ந்திருக்கும்போது எடுக்கப்பட்டதே. ஆனால் குடாநாட்டு வீடுகளில் மாலை வேளையில் இணைப்பு ஓய்ந்திருப்பதில்லை. ரொறன்ரோவில் விடியும்போதும் இலண்டனில் நண்பகலின்போதும் பிள்ளைகள் அழைக்கிறார்கள். அதே நேரத்தில் வேறொருவர் காணொளி ஒன்றை மேலேற்றுகிறார். மேலேற்ற வேகம் செக்கனுக்கு 4 மெகாபிற்றாக இருக்க, ரவுட்டரில் ஒரு மெகாபைற் தரவு வரிசையில் தேங்கினால், அதன் பின்னால் நிற்கும் குரல்பொதி இரண்டு செக்கன் காத்திருக்க வேண்டும். உரையாடல் இயல்பாக நிகழ ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்டிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாயின் குரல் வெட்டுப்பட்டு வருவதற்குக் காரணம் இந்த வரிசையே எனில், அதனை ஒழுங்குபடுத்தும் ரவுட்டர் மென்பொருளே பரிகாரமாகும்.

வடக்கின் தொலைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூறுவோரும் உளர். நாட்டை வெளியுலகோடு இணைக்கும் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைக் கரைகளிலேயே ஏறுவதால், யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் செய்தி முதலில் தெற்கே போகிறது என்பது உண்மையே. எனினும் கொழும்பு வரையான 400 கிலோமீற்றர், இழையில் போய்வர நான்கு மில்லிசெக்கனையே கூட்டும். தூரத்தைப் பழிப்பது, நெரிசலுற்ற கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் பொதியிழப்புக்கும் கவனமின்றி எழுதப்பட்ட மென்பொருளுக்கும் பொறுப்பானவர்களைத் தப்பவைக்கிறது.

மென்பொருள் எழுதுவோரிடத்தில் இதே நம்பிக்கை வேறு வடிவம் கொள்கிறது. சேவையகத்தையும் சேவை பெறும் நிரலையும் ஒரே கணினியில் ஓடவிட்டு, விடை உடனே வருகிறது என்று நிறைவடைகிறார்கள். லினக்ஸ் கணினியின் உள்வளைய இணைப்பில் ஒரு பொதி 65,536 பைற் வரை செல்லலாம். பொதி எதுவும் வழியில் தொலைவதில்லை. அதே செய்தி வழக்கமான ஈதர்நெற் வலையமைப்பில் 1,500 பைற்றுக்கு மேற்படாத நாற்பதுக்கும் அதிகமான பொதிகளாகச் சிதறுகிறது; அவற்றில் ஒன்று தொலைந்தாலும் அது மறுபடி வரும்வரை பின்வந்தவை காத்துக்கிடக்கின்றன. ஒரு படிவத்தை நிரப்ப இருபது தடவை சேவையகத்தைக் கேட்கும் நிரல், மேசையில் குற்றமற்றதாகத் தோன்றிப் பருத்தித்துறையில் முடங்குவதன் காரணம் இதுவே.

சராசரியும் இவ்வாறே ஏமாற்றுகிறது. ஆயிரம் செய்திகளில் 990க்கு 50 மில்லிசெக்கனிலும் பத்துக்கு மூன்று செக்கனிலும் விடை வந்தால், சராசரி ஏறத்தாழ 80 மில்லிசெக்கன் என அறிக்கை கூறும். அந்த எண்பதை அனுபவித்தவர் ஒருவரும் இலர். இருபது செய்திகள் வேண்டும் காரியம் ஒன்றில், நூற்றில் பதினெட்டுப் பேராவது அந்த மூன்று செக்கனில் ஒருமுறையேனும் அகப்படுவர்.

ஆகவே வடமாகாணத்துக்கென ஒரு சேவையை வாங்குவோர், ஒப்பந்தத்தில் மெகாபிற் எண்ணோடு நின்றுவிடலாகாது. மக்கள் பயன்படுத்தும் இடங்களான சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும், மாலை நெரிசல் நேரத்தில், சாதாரணக் கைத்தொலைபேசியிலிருந்து உண்மையான சேவையகத்துக்கு உண்மையான அளவுள்ள செய்திகளை அனுப்பி, நூற்றில் தொண்ணூற்றொன்பது விடைகள் எத்தனை மில்லிசெக்கனுக்குள் வந்தன என்பதை வழங்குநர் காட்டவேண்டும். கேள்வியும் விடையுமாகச் செய்திகளை அனுப்பி அளக்கும் நெற்பேர்ஃப், தாமதத்தையும் பொதியிழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் நெற்றெம் ஆகிய இலவசக் கருவிகள் நெடுங்காலமாகக் கிடைக்கின்றன. ஆதலால் செலவு அதிகம் என்ற சாட்டுக்கும் இங்கு இடமில்லை.