துயருற்றோரிடம் விளக்கவுரை எதற்கு?

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "எல்லாம் இறைத்திட்டம், அன்பு செய்வோரைத்தான் ஆண்டவர் சோதிப்பார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவோர் நம்மிடையே பலர். இதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுகிறார்கள். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அழுகையைக் கேட்கப் பொறுமையற்றவர்கள், இறைவன் பெயரால் அதன் வாயை அடைக்கிறார்கள், அவ்வளவே.

விசுவாசம் எதுவென்று யூத ஹசிதிய மரபின் இரபி ஒருவரிடம் கேட்போம். கலோனிமுஸ் கல்மான் ஷபிரா (பிறப்பு 1889) போலந்தின் பியாசெச்னோ ஊர் இரபி. 1939 செப்டம்பரில், ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஒரே மகனையும் மருமகளையும் இழந்தார். ஆயினும் ஆக்கிரமிக்கப்பட்ட வார்சாவிலும், பின்னர் கெட்டோ மதிலுக்குள்ளும், 1942 ஜூலை வரை தம் மக்களுக்கு உரையாற்றி வந்தார்.

மகனைப் புதைத்த சில வாரங்களில் அவர் சாராவின் இறப்பைப் பற்றிப் பேசினார். ஈசாக்கைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சியை அடுத்தே சாராவின் மரணம் சொல்லப்படுவது ஏன்? அளவோடு இட்டால்தான் உப்பு இறைச்சிக்குச் சுவை. மிஞ்சினால் உண்ண முடியாது. துன்பமும் அத்தகையதே. மனிதர் தாங்கும் அளவு மிஞ்சிவிட்டது என்று இறைவனிடமே முறையிடுகிறது சாராவின் மரணம் என்றார் அவர். இறைவன் மறைவான உள்ளறையில் அழுகிறார் என்னும் தால்முது மரபை எடுத்துக்காட்டி, துயருறுவோர் அங்கே சென்று அவரோடு சேர்ந்து அழலாம் என்றும் போதித்தார்.

'முறையிடுவது விசுவாசக் குறைவாயிற்றே' என்பார்கள். அப்படியானால் யோபுவை என்ன செய்வது? ஆண்டவரின் சினம் முறையிட்ட யோபுவின்மேல் விழவில்லை. விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. இத்துன்பங்கள் முன்னோர் பட்டவை போன்றவையே என்று 1941இன் இறுதியில் அவர் கூறியிருந்தார். பல்லாயிரவர் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின், 1942 நவம்பரில், இத்தகைய கொடுமை முன்னெப்போதும் இருந்ததில்லை என்று அதே உரையின்கீழ்க் குறித்து வைத்தார். உண்மைக்கு முன் தம் சொல்லையே திருத்திக்கொண்டார், செபத்தையோ கைவிடவில்லை. 1943 நவம்பரில் கொல்லப்பட்டார். மண்ணில் புதைத்து வைக்கப்பட்ட அவ்வுரைகள் 1950இல் மீட்கப்பட்டு, 1960இல் 'எஷ் கோதெஷ்' (தூய நெருப்பு) என நூலாயின.

அந்த நரகத்தின் நடுவே நின்றவரே தம் விளக்கத்தைத் திருத்தினார் என்றால், துக்க வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆயத்த விடைகளை விநியோகிக்க நமக்கு என்ன உரிமை? அழுவோரோடு அழத் தெரியாதவர்கள் குறைந்தது வாய்மூடி இருக்கட்டும். அதுவும் ஒரு செபமே.