கவியும் அபிப்பிராயமும்

கவி எழுதியவர் ஏன் அதைப் பிறரிடம் காட்டத் துடிக்கிறார்? புகழாசைதான் என்று சொல்லிவிடுவது எளிது. நமக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. அடுப்படியிலேயே நின்று சமைப்பவருக்கு உப்புக் கூடியதும் குறைந்ததும் தெரிவதில்லை. வேறொரு நாக்கு வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் இதை அறிந்தே அரங்கேற்றம் என்னும் முறையை வகுத்தார்கள். தொல்காப்பியரும் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், தம் நூலை அரங்கேற்றியதாகப் பாயிரம் கூறுகிறது.

கண்டனம் கவியைக் கொன்றுவிடும் என்பார்கள். ஆங்கிலக் கவி கீட்ஸைப் பற்றி அப்படித்தான் கதை கட்டினார்கள். 1821-இல் அவரைக் கொண்டுபோனது க்ஷயரோகம். 1818-இல் பத்திரிகைகள் ஏசியபோது, தம் மனமே தமக்கு எடுத்துக் காட்டிய குறைகள் அவற்றைவிட அதிக வேதனை தந்தன என்று எழுதியவர் அவர். மறு வருஷமே தம் சிறந்த பாட்டுகள் பலவற்றை இயற்றினார்.

இதைவிட விசித்திரமானது எமிலி டிக்கின்ஸன் கதை. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில், தகப்பனார் வீட்டிலேயே ஒதுங்கி வாழ்ந்தவர் அவர். தாமஸ் ஹிக்கின்ஸன் என்பவர் இளம் எழுத்தாளர்களுக்குப் புத்திமதி கூறி 'அட்லாண்டிக்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைக் கண்டு 1862 ஏப்ரலில் எமிலி அவருக்கு நான்கு பாட்டுகளை அனுப்பினார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயரைச் சீட்டொன்றில் எழுதித் தனியே சிறு உறையில் இட்டிருந்தார். பாட்டு அழகாயிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அதற்கு உயிர் இருக்கிறதா என்றே கேட்டார்!

ஹிக்கின்ஸனுடைய பதில்களை எமிலியின் மறு கடிதங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். நடை தடுமாறுகிறது, கட்டுப்பாடு இல்லை, பிரசுரத்துக்கு அவசரம் வேண்டாம் என்பன போன்றவை. எமிலி அந்த ரண சிகிச்சைக்கு வந்தனம் கூறினார். அவரை ஆசான் என்றும் தம்மை மாணவி என்றும் குறிப்பிட்டார். பாட்டை மட்டும் தம் போக்கிலேயே எழுதி வந்தார்! ஆயினும் 1886-இல் காலமாகும் வரை அவருக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை. அவர் நாடியது திருத்துகிற கையை அல்ல, கேட்கிற செவியை என்பது நம் எண்ணம்.

அவர் ஜீவித காலத்தில் அச்சேறியவை பத்துப் பாட்டுகள் அளவே. எழுதியவையோ ஏறக்குறைய 1,800. 1890-இல் ஹிக்கின்ஸனும் மேபல் லூமிஸ் டாட் என்னும் அம்மையாரும் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். அப்போது ஓசையைச் சீராக்கினார்கள், சொற்களை மாற்றினார்கள், தலைப்புகளும் சூட்டினார்கள். உயிரோடிருந்தபோது ஏற்காத திருத்தத்தை இறந்த பிறகு யார் தடுப்பது? 1955-இல் தாமஸ் ஜான்ஸன் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து மூலபாடத்தை அச்சிட வேண்டியதாயிற்று.

இதற்காக ஹிக்கின்ஸனைப் பரிகசிப்போர் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். முகமறியாத ஒரு பெண்ணின் கடிதத்துக்கு மதிப்பளித்துப் பதில் எழுதியவர் அவர். எமிலியின் கடிதங்களைப் பல்லாண்டு பத்திரமாக வைத்திருந்து, 1891-இல் அதே 'அட்லாண்டிக்'கில் வெளியிட்டவரும் அவரே.