குறி இல்லாவிட்டால் பிழையா?

"இந்த நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறியே இல்லை, அச்சுப் பிழை, ஆயிரக்கணக்கில் போகும்" என்கிறார் நண்பர். ஐயா, கல்கத்தா நாணயச்சாலையின் வழக்கமே அதுதான்! நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா. கல்கத்தாவுக்குக் குறி கிடையாது. அவர் கணக்குப்படி அங்கே அடித்த கோடிக்கணக்கான காசும் பிழைதான்.

'இரட்டை எழுத்து' என்று அவர் நீட்டிய ரூபாயை லென்ஸில் பார்த்தேன். எழுத்தோரம் படிக்கட்டுபோல் தட்டையாக நசுங்கியிருந்தது. அடிக்கும்போது அச்சு ஆடிய இழுப்பு அது. விலை ஒரு ரூபாய். மாறாக, அச்சிலேயே இரட்டை விழுந்த 1955 அமெரிக்க லிங்கன் சென்ட்டில் ஆண்டின் எண்கள் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும்.

1911 'பன்றி ரூபாய்' வேறு கதை. அதிலிருந்த யானை உருவம் பன்றிபோல் தெரிந்தது வடிவமைப்பின் குறை. அதை அச்சுப் பிழைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.