வாங்கின வண்டிக்கு வாடகையா?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



முழுப் பணம் கொடுத்து ஒரு வீட்டைக் கிரயம் முடிக்கிறோம். சாவி வாங்கி உள்ளே போனால் ஒரு அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், "அந்த அறையும் உங்களுடையதுதான் சார், மாதா மாதம் பணம் கட்டுங்க, திறந்து விடுறோம்" என்கிறார் விற்றவர். சும்மா விடுவோமா? தெருவே கூடிவிடும்! இதையே காரில் செய்தால் அதற்கு 'டெக்னாலஜி' என்று பெயர்.

கதை விடவில்லை. 2022 ஜூலையில் பி.எம்.டபிள்யூ கம்பெனி தென்கொரியா போன்ற நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாத வாடகை வைத்தது. சுமார் 18 டாலர். ஹீட்டர் கம்பி தொழிற்சாலையிலேயே சீட்டுக்குள் வைத்துத் தைத்தாகிவிட்டது, ஒயரிங்கும் இருக்கிறது. பூட்டு சாப்ட்வேரில் மட்டும்தான். (நம்ம ஊர் வெயிலுக்கு சீட்டைச் சூடாக்க எவன் காசு கொடுப்பான் என்று சிரிக்காதீர்கள், அங்கே பனி கொட்டும்.) ஜனங்கள் திட்டித் தீர்த்ததில் 2023-ல் ஹீட்டருக்கு அப்படி வாங்குவதை நிறுத்துவதாகச் சொன்னார்கள். மெர்சிடிஸ் கம்பெனியோ 2022 நவம்பரில் அமெரிக்காவில், தன் மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் 'பிக்கப்' வேண்டுமானால் வருஷத்துக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. மோட்டார் அதே மோட்டார்தான்!

டெஸ்லா கதை இன்னும் வேடிக்கை. பெரிய பேட்டரியைப் போட்டு, அதில் கொஞ்சத்தைச் சாப்ட்வேரில் பூட்டி, விலை குறைத்து விற்றிருந்தார்கள். 2017 செப்டம்பரில் புளோரிடாவை இர்மா புயல் தாக்கியபோது, தப்பி ஓடுகிறவர்களுக்காகக் கம்பெனி அந்தப் பூட்டைத் தூரத்தில் இருந்தே திறந்து விட்டது. நல்ல காரியம்தான். ஆனால் சில நாளில் திரும்பவும் பூட்டிக்கொண்டது. அப்படியானால் அந்த பேட்டரிக்கு ஓனர் யார்?

பூட்டு என்று ஒன்று வந்தால் கள்ளச்சாவியும் வரத்தானே செய்யும்? ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பர் உண்டு. அந்த நம்பருக்கு மட்டும் செல்லுபடியாகிற மாதிரி கம்பெனி தன் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்ட ஒரு கோடு தருகிறது. வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு மேப்பையோ மற்ற வசதியையோ திறக்கிறது. பழைய செட்டுகளில் கணக்குச் சூத்திரம் வெளியே கசிந்ததால், சேசிஸ் நம்பரைச் சொன்னாலே கோடு போட்டுக் கொடுக்கிறவர்கள் கிளம்பினார்கள். புதிய செட்டுகளில் அது நடக்காது. கம்ப்யூட்டரின் புரோகிராமையே மாற்றி, பொய்க் கையெழுத்தை நம்ப வைக்க வேண்டும். எழுதும்போது பாதியில் கரண்ட் இறங்கினால் செட் 'செங்கல்' ஆகிவிடும். 2023-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் டெஸ்லாவின் சிப்புக்குப் போகும் வோல்டேஜை ஒரு கணம் தடுமாற வைத்தே உள்ளே புகுந்து காட்டினார்கள். அந்த வழியில் கம்பெனி அப்போது 300 டாலர் கேட்ட பின்சீட்டு ஹீட்டரையும் திறக்கலாமாம்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். லீவு நாட்களில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடைக்குப் போகிறேன். போன மாசம் கடைக்காரண்ணன், "தம்பி, நீ படிச்ச பையன், லேப்டாப் பிடிக்கத் தெரியும். கோடு அடிக்கிற வேலையப் பாரு, வண்டிக்கு 500 தர்றேன்" என்றார். 500 ரூபாய்! அப்பா ஒரு நாள் முழுக்க மூட்டை ஏற்றி, டீசல் போக மிஞ்சுகிற காசு. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எல்லாக் கோடும் ஒரே ஜாதி இல்லை என்று தோன்றியது. சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே ரேடியோ செட் கோடு கேட்கும். திருடனுக்குப் போட்ட பூட்டு அது, மாட்டிக்கொள்வது ஓனர். ஆர்.சி. புக்கைப் பார்த்துவிட்டு அதைத் திறந்து கொடுப்பதில் எனக்குத் துளி உறுத்தலும் இல்லை. சீட் ஹீட்டர் விஷயத்திலும் என் மனசு ஓனர் பக்கம்தான். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "சாவிய முழுசா கொடுக்கலைன்னா அது வித்ததாடா, வாடகைக்கு விட்டதா?" எந்த லா காலேஜிலும் இதைவிட நன்றாகக் கேட்க மாட்டார்கள்.

மேப் அப்படி இல்லை. அதற்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததற்கு முந்தைய மேப்பை வைத்துக்கொண்டு வெளியூர் பஸ் பிடிக்கப் போனால் கோயம்பேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். யாரோ ஒருவர் ரோடு ரோடாக அலைந்து, ஒருவழிப்பாதை, மேம்பாலம் எல்லாம் குறித்ததால்தான் நமக்கு வழி தெரிகிறது. அதைத் திருட்டு கார்டில் காப்பி அடித்து விற்பது அவர் கூலியில் கை வைப்பது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2012-ல் திருத்திய காப்பிரைட் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப் பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை சிறை என்கிறது. போலீஸ் வந்தால் உள்ளே போவது கோடு அடித்த பையன்தான், கடைக்காரண்ணன் இல்லை!

பிக்கப்பைக் கூட்டும் கோடு? அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது. பிரேக், டயர், பேட்டரிச் சூடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்த எல்லையை, எவனோ அனுப்பின ஃபைலை நம்பி மாற்றிவிட்டு, அதில் ஒரு குடும்பத்தை உட்கார வைத்து அனுப்ப என்னால் முடியாது.

ஆகவே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: ரேடியோ கோடு பார்க்கிறேன், மேப் கார்டும் பிக்கப்பும் மாட்டேன். "பொழைக்கத் தெரியாதவன்" என்று சிரித்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆனால் கம்பெனிக்காரர்களையும் சும்மா விட முடியாது. அமெரிக்காவில் 2015-லேயே, ரிப்பேருக்காக வண்டி சாப்ட்வேர் பூட்டைத் திறக்கலாம் என்று விதிவிலக்கு கொடுத்தார்கள். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. கார் கம்பெனிகளும் அதில் அடக்கம். சந்தோஷம்! ஆனால் மேனுவல் மட்டும் கையில் இருந்து என்ன செய்ய? நம் ஒர்க்‌ஷாப்பில் குறுக்கே வெட்டி பெயின்ட் அடித்த கார்புரேட்டர் இருக்கிறது, ஸ்கேனர் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் வண்டி முதலில் பேசுவது ஸ்கேனரோடுதான். அடுத்த வருஷ யூனியன் பட்ஜெட்டில் ஆண்டு விழா மேடை அலங்காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, டிபார்ட்மென்டுக்கு ஒரிஜினல் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்க நிர்வாகத்திடம் பேசுங்கள், தலைவரே. ஜூனியர் பசங்களாவது தொட்டுப் பார்க்கட்டும்.