உளவளத்துணைக் கல்வியும் எம்மவரும்

மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் மூன்று தொழில்களைக் கடந்து எமது பெற்றோரின் கனவு பெரும்பாலும் செல்வதில்லை. இவ்வாண்டு விழா மலரில் நான்காவதாக ஒரு தொழிலைப் பற்றி எழுத விழைகின்றேன். அது உளவளத்துணை. ஆங்கிலத்தில் கவுன்சிலிங் எனப்படுவதற்கு ஈழத்தில் நாம் வழங்கிய சொல் அது. தமிழகத்தார் உளவியல் ஆலோசனை என்பர். ஆலோசனை என்பதிலும் துணை என்பதே பொருத்தமானது என்பது எனது துணிபு; காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு வினாவைக் கேட்கின்றனர். "வீட்டிலிருந்தபடியே படித்துக் கவுன்சிலர் ஆகலாமாமே, மாஸ்டர்?" பகலில் கடையிலும் இரவில் பண்டகசாலையிலும் நின்று உழைப்பவர்கள் இவ்வாறு கேட்பது எனக்கு மகிழ்ச்சி தருகின்றது. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற முடியாமையினாலேயே இக்கட்டுரை.

முதலில் தேவையைப் பார்ப்போம். 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், போர் ஓய்ந்த சில வாரங்களில், யாழ் மாவட்டத்தில் 1,517 குடும்பங்களைத் தெரிந்து ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. அதன் முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும், மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும் காணப்பட்டன. அந்த மண்ணிலிருந்து வந்தவர்களே நாம். விமானம் ஏறும்போது பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள்; நெஞ்சில் கொண்டுவந்த சுமையை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இங்கு வந்தபின் விசாவுக்காகக் காத்திருந்த ஆண்டுகளும், தனிமையும், இருளில் போய் இருளில் திரும்பும் குளிர்கால வேலையும் அச்சுமையோடு சேர்ந்துகொண்டன.

எமது மக்கள் இதனை மனநோய் என்று சொல்வதில்லை. தலைப்பாரம் என்பார்கள், உடம்பு உளைவு என்பார்கள், நித்திரை இல்லை என்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். ஊரில் அங்கொடை என்ற பெயரும் தமிழகத்தில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரும் ஏளனச் சொற்களாயின. இங்கே லூயிஷாம் ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள லேடிவெல் பிரிவின் பெயரைச் சொல்லும்போதும் நாம் குரலைத் தாழ்த்துகின்றோம். ஊர் மாறியது, வெட்கம் மாறவில்லை.

ஈற்றில் ஒருநாள் ஜி.பி. யிடம் போகின்றோம். துணைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்கின்றோம். மனச்சோர்வு என்ற ஐயம் எழுந்தால் வைத்தியர் ஒன்பது வினாக்கள் கொண்ட ஒரு தாளை எடுப்பது வழக்கம். நித்திரை, பசி, களைப்பு ஆகியவற்றையும் வினவும் அத்தாளின் ஒன்பதாவது வினா, உயிரோடு இருக்க விருப்பமற்ற எண்ணங்களைப் பற்றியது. அவ்வினாவைப் பதினொரு வயதுப் பிள்ளை தன் தாயிடம் தமிழில் கேட்க வேண்டும். தாயின் விடையை ஆங்கிலத்தில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எந்தத் தாய் அங்கே உண்மையைச் சொல்வாள்? சொன்னாலும் அதனை எந்தப் பிள்ளை சுமக்கும்? இத்தகைய பிள்ளைகள் எமது வகுப்புகளிலும் உளர். அவர்களுடைய தமிழ் நன்றாக இருப்பதைக் கண்டு பெருமைப்படுகின்றோம். அத்தமிழ் எங்கே பயிற்சி பெற்றது என்பதை நாம் வினவுவதில்லை.

அவசரச் சிகிச்சை தவிர்ந்த எந்நிலையிலும் 16 வயதுக்குக் குறைந்தோரை மொழிபெயர்க்க வைப்பது ஏற்கத்தக்கதன்று என இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெற எமக்கு உரிமை உண்டு. பெற்றோர் இதனைத் தயவுசெய்து மனதிற்கொள்ளல் வேண்டும். எனினும் மொழிபெயர்ப்பாளர் எத்துணை வல்லவராயினும் மூன்றாம் ஆளே. நெஞ்சில் உள்ளதைத் தன் மொழியில் சொல்ல, அம்மொழியிலேயே கேட்கும் ஒருவர் எதிரில் இருப்பது வேறு. அத்தகையோர் எம்மிடையே மிகச் சிலரே உள்ளனர். கூடுதலானோர் வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவர்? எமது வீடுகளிலிருந்தும் இப்பாடசாலையின் மேல்வகுப்புகளிலிருந்துமே வருதல் வேண்டும்.

இனித் தொலைக்கல்விக்கு வருவோம். இது எமக்குப் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரிப் பட்டங்களை வழங்கத் தொடங்கியது. 1921 இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும் வரை, லண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன், மயில்வாகனன் என்ற பெயருடைய ஆசிரியராக இருந்த காலத்தில், 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர். லண்டனைக் காணாமலே லண்டன் பட்டம் பெற்ற ஆசிரியர்களிடம் படித்த பரம்பரை எம்முடையது. லண்டனிலேயே வாழும் நாம் தொலைக்கல்வியை இழிவாகக் கருதுவது வேடிக்கை.

இந்நாட்டின் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் நிறுவப்பெற்று 1971 இல் முதல் மாணவரை ஏற்றது. இளங்கலைப் படிப்புக்கு அது முன்தகைமை எதனையும் கேட்பதில்லை. ஊரில் ஏ.எல். சான்றிதழை எரிய விட்டு ஓடி வந்தவருக்கு இதன் அருமை தெரியும். ஆண்டுக்கு 60 அலகுகள் வீதம் படித்தால் ஆறு ஆண்டுகளில் 360 அலகுகள் நிறைந்து பட்டம் கிடைக்கும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு அரசின் கல்விக் கடனும் உண்டு. புகலிடக் கோரிக்கை முடிவுறாதவர்களுக்கு அது இல்லை. அவர்களும், ஓப்பின்லேர்ன் என்ற பெயரில் அப்பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்துள்ள இலவசப் பாடங்களைப் படிக்கலாம். உளவியலைத் தொடங்குவதற்கு அவை போதும்.

இவ்வளவும் ஆம் என்ற விடையின் பக்கம். இல்லை என்ற பக்கமும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியலையும் உளவளத்துணையையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் ஒன்று இருக்கின்றது. அப்பட்டம் ஒருவரை உளவளத்துணையாளர் ஆக்காது என்பதை அப்பல்கலைக்கழகமே மறைக்காமல் சொல்கின்றது. நேர்மையான நிறுவனத்துக்கு அது அடையாளம். பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம் தன் அங்கத்தவராக விரும்புவோரிடம், படிப்பின் அங்கமாக மேற்பார்வையின் கீழ் குறைந்தது 100 மணித்தியாலம் மெய்யான மனிதரோடு அமர்ந்து பணியாற்றியிருத்தலை எதிர்பார்க்கின்றது. புத்தகம் தபாலில் வரும். அந்த நூறு மணித்தியாலம் வராது.

ஏன் அப்படி? இங்கேதான் துணை என்ற சொல்லுக்கு வருகின்றேன். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரும் சாந்திகம் போன்ற நிறுவனங்களும் போர்க்காலத்திலேயே ஒரு வழியைக் கண்டனர். உளமருத்துவர் ஒரு சிலர், பாதிப்புற்றோர் பல்லாயிரவர் என்ற நிலையில், ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகமும் 1996 இல் வெளியிட்ட அகதிகளின் உளநலம் பற்றிய கைநூலை எமது சூழலுக்கேற்ப மாற்றித் தமிழ்ச் சமுதாயத்துக்கென ஒரு கைநூல் ஆக்கினர்.

அவ்வகைப் பயிற்சி ஒன்றில் நானும் ஆசிரியனாக அமர்ந்திருக்கின்றேன். இருவர் இருவராகப் பிரித்தார்கள். ஒருவர் பத்து நிமிடம் தன் மனக்குறையைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். புத்திமதி சொல்லக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. முப்பது ஆசிரியர்கள் இருந்த அந்த மண்டபத்தில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தோர் மிகச் சிலர். ஆசிரியரிடம் புத்திமதி சொல்லாதே என்பது மீனிடம் நீந்தாதே என்பது போலாகும்! ஆலோசனை சொல்ல எம்மவரிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அதனைப் பழகுவதற்கு எதிரில் ஒரு முகமும், பக்கத்தில் இருந்து திருத்துவதற்கு ஒரு மேற்பார்வையாளரும் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. போரைக் கண்டவர் போரின் கதையைக் கேட்க அமரும்போது இரண்டு காயங்கள் அந்த அறையில் இருக்கின்றன. பயிற்சி பெறுவோர் தாமும் ஒருவரிடம் சென்று தம் மனத்தைத் திறக்க வேண்டும் என்று பல கல்விநெறிகள் வற்புறுத்துவது இதனாலேயே. எம்மைப் போன்றோருக்கு அது இலேசான காரியமன்று. அதற்கு ஆயத்தமில்லாதவர் இத்துறைக்கு வராதிருப்பது அவருக்கும் நல்லது, அவரிடம் வருவோருக்கும் நல்லது.

சான்றிதழ் வியாபாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்நாட்டில் கவுன்சிலர் என்ற பட்டத்தைச் சட்டம் காக்கவில்லை. கவுன்சிலிங் சைக்கோலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள 2009 முதல் பதிவு வேண்டும். வெறுமனே கவுன்சிலர் என்று பலகை மாட்டுவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஆகையால் சில வாரங்களில் டிப்ளோமா தருவதாகக் கூறுவோர் இணையத்தில் மலிந்துள்ளனர். எனக்குத் தெரிந்த ஒருவர் தம் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டி அவ்வாறு பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றார். அதில் முத்திரை பெரிதாக இருக்கின்றது; அதனைக் கொண்டு அவர் விண்ணப்பித்த இடம் ஒன்றும் அவரை நேர்முகத்துக்கு அழைக்கவில்லை.

தமிழகத்திலிருந்து தொலைவழி உளவியல் பட்டம் பெறலாமா என்றும் சிலர் வினவுகின்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைக்கல்வியில் பெரும் பணி ஆற்றியது. அதன் பட்டதாரிகள் எம்மவரிடையேயும் பலர். ஆயினும் 2025 ஆம் ஆண்டில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் முதலிய சுகாதாரம் சார்ந்த பாடங்களில் தொலைவழியாகவும் இணையவழியாகவும் புதிய மாணவரைச் சேர்த்தல் ஆகாது என்று அறிவித்துவிட்டது. பழைய விளம்பரங்களைப் பார்த்துப் பணம் அனுப்புவோர் கவனிக்க.

"எங்கட ஆளிடம் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும்" என்பது பெரியவர்கள் எழுப்பும் ஆட்சேபம். இதனை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். கிளாரண்டன் றைஸ் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமை காணும் முகத்திடம் வியாழக்கிழமை அழுவதற்கு எவர்க்கும் கூச்சம் இருக்கும். முறையாகப் பயின்றவர் இரகசியம் பேணக் கட்டுப்பட்டவர். மீறினால் அவர்மீது சங்கத்திடம் முறையிடலாம். அதனினும் நல்ல விடை தொலைவிலேயே இருக்கின்றது. 2020 இன் பெருந்தொற்றுக்குப் பின் தொலைபேசியிலும் திரையிலும் உளவளத்துணை பெறுவது வழமையாகிவிட்டது. லூயிஷாமில் உள்ளவர் தன்னை ஒருபோதும் காணாத பேர்மிங்ஹாம் தமிழரிடம் பேசலாம். பேர்மிங்ஹாமில் உள்ளவர் இங்குள்ளவரிடம் பேசலாம். படிப்புக்குக் குறையாக இருந்த தொலைவு, சேவைக்கு நிறைவாகின்றது.

ஆகவே எனது கருத்து இது. அறிவைத் தொலைவழியில் பெறுக. பயிற்சியை நேரில் பெறுக. வேலையை விட முடியாத பெற்றோர் முதலில் இலவசப் பாடத்தைத் தொடங்கிப் பார்க்கலாம். மனம் ஒப்பினால் பின்னேர வகுப்பில் லெவல் 2, அதன்மேல் லெவல் 3, அதற்குப் பின் ஈராண்டு லெவல் 4 டிப்ளோமா என ஏறத்தாழ நான்கு ஆண்டுப் பயணம் அது. எமது நகரசபை எல்லைக்குள், நியூ குறொஸில் உள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி, உளவளத்துணையைப் பட்டப்பின் நிலையில் நீண்டகாலம் கற்பித்த இடம். பட்டம் பெற்ற இளையோர் விசாரித்துப் பார்க்கலாம். எந்த நெறியானாலும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: நூறு மணித்தியாலப் பயிற்சிக்கு என்னை எங்கே அனுப்புவீர்கள்? விடை தெளிவாக வராத இடத்தில் காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஏ லெவலில் உளவியலைத் தெரிவுசெய்ய விரும்பி வீட்டில் சொல்லத் தயங்குவோர் உங்களுள் இருப்பின் என்னிடம் வாருங்கள். உங்கள் அப்பாவிடம் நான் பேசுகின்றேன். அந்தப் பத்து நிமிடம் அவர் சொல்வதைப் புத்திமதி சொல்லாமல் கேட்கவும் முயல்வேன்.

இப்பொழுதே துணை தேவைப்படுவோர், எமது பிள்ளைகள் படித்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய சுகாதார சேவையின் டோக்கிங் தெரப்பீஸ் பிரிவுக்கு லூயிஷாமில் வசிப்போர் ஜி.பி. யின் கடிதமின்றித் தாமே விண்ணப்பிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் தாங்க முடியாத வேளையில் 116 123 என்ற இலக்கத்தில் சமாரித்தன்ஸ் அமைப்பினர் எந்நேரமும் இலவசமாகக் கேட்பார்கள். 1953 இல் இந்த லண்டன் நகரிலேயே, ஒரு தேவாலயத்தில் இருந்த தொலைபேசி ஒன்றோடு தொடங்கிய சேவை அது. அலுவலக அறிவித்தற் பலகையில் இவ்விரண்டு விபரங்களையும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கின்றேன். எவரும் பார்க்காத நேரத்தில் குறித்துக்கொள்ள விரும்புவோருக்காகப் பக்கத்தில் சிறு துண்டுகளாகவும் வெட்டி வைத்துள்ளேன்.