மகள் வீட்டில் இருந்தால் மானம் போகாது

ஆண் பிள்ளை இருக்கும்போது பெற்றவர்கள் மகள் வீட்டில் போய்த் தங்குவது கேவலம் என்று நம் ஊர்களில் இன்னும் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்க நாலு நாள் தங்கலாம். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் தெருவே கேட்கும், "மருமகன் வீட்லயா இருக்கீக?" என்று. கணவனை இழந்த தாய்மார்களை இந்த நம்பிக்கை படுத்தும் பாட்டைப் பார்த்த பிறகும் இதை மரபு என்று தாங்கிப் பிடிப்பது அநியாயம்.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், இன்னொருவர் சென்னையில். மகள் இருப்பது இரண்டு தெரு தள்ளி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் வழியில் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைப்பார். பிரஷர் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவார். ராத்திரி அந்த அம்மா தனியாகத்தான் படுக்கிறார். கக்கூஸுக்குப் புறவாசல் படி இறங்கிப் போக வேண்டும். மகளோடு போய் இருக்கலாமே என்று கேட்டேன். "ரெண்டு ஆம்பளப் பிள்ளையப் பெத்துட்டு மக வீட்ல போய்க் கெடந்தா, என் பிள்ளைகளத்தானய்யா ஊரு காறித் துப்பும்?" என்றார். பொங்கலுக்கு வந்துபோகும் மகன்களின் பெயர் கெடக்கூடாதென்று, அந்த வயதில் இருட்டில் படி இறங்குகிறார்.

மகன்கள் உள்ளூரில் இருந்தால் மட்டும் என்ன நடக்கிறது? சொத்தைப் பிரித்த கையோடு பெற்றவர்களையும் பிரிக்கிறார்கள். அப்பா மூத்தவனிடம், அம்மா இளையவனிடம். அல்லது மாதமுறை. முறை முடிகிற அன்று மஞ்சப்பையில் சேலையையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களைக் கடைசிக் காலத்தில் ஆளுக்கொரு வீட்டில் வைப்பதை எந்த ஊர்ப் பெரியவரும் கேவலம் என்று சொல்வதில்லை. இருவரும் சேர்ந்து மகள் வீட்டில் இருந்தால்தான் கேவலமாம்!

'மகன் வைத்துப் பார்க்கிறான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். கஞ்சி காய்ச்சுவது யார்? படுக்கையில் விழுந்தவரைக் குளிப்பாட்டி, துணி அலசிப் போடுவது யார்? மருமகள். அவளைப் பெற்றவள் வேறோர் ஊரில் இதே மாதிரித் தனியாகக் கிடக்கிறாள். ஊரில் உள்ள பெண்கள் எல்லாரும் அடுத்தவரின் தாயைப் பார்த்துக்கொண்டு, தங்கள் தாயைப் பார்க்க லீவு கேட்டு நிற்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாடு. பணிவிடை மருமகளுக்கு, பெயர் மகனுக்கு.

இதன் அடியில் இருப்பது பெரும்பாலும் சொத்து. அம்மா மகளோடு இருந்தால் வீட்டை அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுவாளோ என்ற பயம். 1989-லேயே தமிழ்நாடு, திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் நாடு முழுவதும் மணமான மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. ஆனாலும் பத்திர ஆபீஸில் அக்கா தங்கைகளை வரிசையாக உட்காரவைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. கடமையிலும் சட்டம் பேதம் பார்க்கவில்லை. மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் 'பிள்ளைகள்' என்பதில் மகளைச் சேர்த்தே எழுதியிருக்கிறது.

காலங்காலமாக இப்படித்தான் என்பவர்கள் கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்கு. மணமான பின் மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வருகிறார். ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலும் அந்த வழக்கம் உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் இந்துத் தமிழர்களும் மகளுக்கே வீடு கொடுக்கிறார்கள். மகளுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்ற சுமை அங்கே பெற்றோரை அழுத்துகிறது, அதையும் நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மகளோடு வாழ்வதால் அங்கே யாருக்கும் மானம் போய்விடவில்லை.

கொள்ளி போட மகன் வேண்டும் என்பார்கள். அது ஒரு நாள் காரியம். அதற்கு முந்தைய பத்து, பதினைந்து வருஷங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். பெண் பிள்ளை மட்டுமே உள்ள வீடுகள் இனித் தெருவுக்குத் தெரு இருக்கும். அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் எங்கே போவார்கள்?

மகள்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தூக்குவாளியோடு அவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறார்கள். மருமகன்களைத்தான் கேட்கிறேன். தயங்கி நிற்கும் மாமியாரிடம் மனைவி பேசினால் போதாது. நீங்களே போய், "அத்தை, நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்று கூப்பிடுங்கள். ரேஷன் கார்டில் அவர் பெயரைச் சேருங்கள். ஊர் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்.